ஏறுநீர்

கரட்டூரில் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, கீழிருந்து விளிம்பில் வாயை வைத்து உறிஞ்சித்தான் தண்ணீர் குடிப்பார்கள். நிமிர்த்திப் பிடித்தால் தண்ணீர் கூரைக்குப் போய்விடும். குடமும் அண்டாவும் கூடத் தலைகீழாகத்தான் தொங்கும்.

ஏறுநீர் என்று அதற்குப் பெயர். பாலில் உறைமோர் விடுகிற மாதிரி, நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு ஏறுநீரை விட்டால் போதும். பாலுக்கு ஒரு ராத்திரி ஆகும். இதற்கு ஒரு மூச்சு நேரம். முழுத் தொட்டியும் மேல்நோக்கி விழப் பழகிவிடும். கடைசியாக வந்து கலக்கிற சொட்டின் குணத்தைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் என்றார்கள் நீராற்றல் வாரியத்தார். ஏன் என்று கேட்டால் வாயில் நுழையாத ஒரு பேரைச் சொல்வார்கள். அவர்களுக்கும் தெரியாது என்று அர்த்தம்.

மோட்டார் ஒழிந்தது. கிணற்றில் குழாயை இறக்கினால் தண்ணீர் தானே மாடிக்கு வந்தது. குழாய்க்குள் வைத்த ஏறுசுழலியை அது போகிற போக்கில் சுற்றிவிட்டுப் போக, வீட்டுக்கு வீடு கரண்ட். ஆழப் பள்ளத்திலிருந்து ஏறிவரும் குழாயின் நுனியை ஊசித்துளையாக்கிப் பாறைப் பக்கம் திருப்பினால் அதுதான் நீர்வாள். கருங்கல்லை அல்வா மாதிரி அறுத்தது. வேலை முடிந்த தண்ணீர் வானத்துக்குப் போய், ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றுக்கு மேலே ஓர் ஏரியாகத் தேங்கி நின்றது. மத்தியான வெயிலில் மீன்களின் நிழல் தெருவில் நீந்திப் போகும். நாய்கள் அதைத் துரத்தும்.

செங்கோடன் கரட்டுக் கல்குவாரியில் நீர்வாள் ஓட்டுகிறவன். இருபது வருசம் அந்த வாளைப் பிடித்தும் அதன் தண்ணீரில் ஒரு வாய் குடித்ததில்லை. கரட்டு உச்சிச் சுனையில் தேங்கிய பழைய தண்ணீரைக் கல்லால் மூடிவைத்துக் குடித்துவந்தான்.

குடிக்கக் கூடாது என்று வாரியமும் வாளின் மேலே சிவப்பு எழுத்தில் எழுதித்தான் வைத்திருந்தது. முதல் வருசத்து ஆயுத பூசையில் குவாரிக்காரர்கள் அந்த எழுத்தின் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்கள். எழுத்து மறைந்துபோனது. கற்பூரம் காட்டி, வாளின் தண்ணீரை ஆளுக்கு ஒரு கை தீர்த்தமாகக் குடித்தார்கள். அப்புறம் ஊருக்கே அது தினப்படி குடிதண்ணீரானது.

"மேல போகப் பழக்கின தண்ணி வவுத்துல நிக்குமாடா?" என்று கேட்டான் செங்கோடன். யாரும் காதில் வாங்கவில்லை.

"சாமி கோவிச்சுக்குமுங்க. உங்க பங்கையும் நானே குடிச்சுப்புடறேன்" என்றாள் அவன் பெண்சாதி மாரக்காள். இருபது வருசம் இரண்டு பங்கு குடித்தாள்.

அதனால்தான், குடித்த தண்ணீர் உடம்பையும் தூக்கத் தொடங்கி ஊரில் எல்லோரும் ஒரு சாண், இரண்டு சாண் மிதந்தபோது மாரக்காள் மட்டும் உத்தரம் வரை போனாள். செங்கோடன் அவள் இடுப்பில் கயிறு கட்டி, மறுநுனியை ஆட்டுக்கல்லில் முடிந்திருந்தான்.

"எறங்கி வா புள்ளே."

"எங்கீங்க எறங்கறது? சுகமாத்தான் இருக்குது. தூக்கத்துல ஆரோ இடுப்புல தூக்கி வெச்சிருக்கற மாதிரி." அவளுடைய அவிழ்ந்த கூந்தல் மேல்நோக்கிப் புகைபோல அலைந்தது. அவள் கண்ணீரும் கன்னத்திலிருந்து நெற்றிக்கு ஓடிக் கூரையில் ஒட்டிக்கொண்டது. சுகம் என்று சொன்னது பொய்.

வாரியத்துப் பொறியாளர் ஞானசெல்வி ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் மிதந்தாள்.

"அண்ணே, மூணு நாள்ல ஆடிக் காத்து வந்துரும். கூரையைப் பிச்சிட்டுப் போயிருச்சுன்னா இந்தக் கயிறு தாங்காது. எறங்குற தண்ணி குடிச்சா எடை திரும்பும். ஆனா எங்கயுமே இல்லை. உங்க சுனையில?"

"போன வாரமே ஏறிப்போச்சு அம்மிணி. உங்க தண்ணி காத்துல வந்து தொட்டிருக்கும்."

"எங்க தண்ணின்னு சொல்றீங்க. வாளை ஓட்டினது நீங்கதானே?"

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. சம்மட்டியும் உளியும் எடுத்துக்கொண்டு வாசலில் கிடந்த பாறைக்குப் போனான். கயிற்றில் இன்னும் நாலு கல் கட்டினால் காற்றுக்குத் தாங்கும் என்பது அவன் கணக்கு.

"வாள்ல அறுத்தா அஞ்சு நிமிசம்" என்றாள் ஞானசெல்வி.

"அந்தத் தண்ணி அறுத்த கல்லை எம் பொண்டாட்டி இடுப்புல கட்டுவனா? அதும் பறந்துச்சுன்னா?"

காலையிலிருந்து மத்தியானம் வரை அடித்தான். மீன் நிழல்கள் அவன் முதுகின் மேல் போய்வந்தன. ஒரு கல்கூடப் பிளக்கவில்லை; கை மறந்துவிட்டிருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. சுனைத் தண்ணீர் குடித்து ஏழு நாள் ஆகிறது, இளநீரும் தீர்ந்துவிட்டது. உள்ளே போய் மேலே பார்த்தான்.

"நானும் குடிச்சுப்புடறேன் புள்ளே. போனா ரெண்டு பேரும் சேந்தே போலாம்."

"அய்யோ, வேண்டாமுங்க! நீங்களாச்சும் தரையில நில்லுங்க."

அவன் கேட்கவில்லை. ஆணியில் கவிழ்ந்து தொங்கிய டம்ளரை எடுத்தான். வேர்வை வழிகிற கட்டைவிரல் விளிம்புக்குள் போய்த் தண்ணீரில் பட்டது.

சளார் என்று தண்ணீர் அவன் பாதத்தில் கொட்டியது.

தண்ணீர் தரையில் பரவிப் பள்ளம் பார்த்து ஓடிக் கதவுக்கடியில் நின்றது. இன்னொரு டம்ளரில் விரலை விட்டு, சட்டென்று நிமிர்த்தினான். நின்றது. ஏணி வைத்து ஏறி அவள் வாயில் ஊற்றினான்.

"தூ! உப்புக் கரிக்குது" என்றாள். ஆனாலும் முழுசும் குடித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் மாரக்காளின் குதிகால் தரையைத் தொட்டது. அன்றைக்குத்தான் ஆடிக் காற்றும் வந்தது. கூரை போயிற்று. அவள் போகவில்லை.

அதற்குள் சேதி பரவிவிட்டது. வாரியம் ஆட்களை நீராவி அறையில் உட்காரவைத்து வேர்வை எடுத்துப் பார்த்தது. அது ஏறிப்போனது. பாடுபட்டு வந்த வேர்வைதான் இறங்கியது. அதுவும் ஒரு நாளுக்குத்தான். மறுநாள் காற்றோடு வரும் ஏறுநீர் ஈரம் பட்டுத் தண்ணீர் பழையபடி ஏறிவிடும்.

செங்கோடன் வீட்டிலிருந்து குவாரி வரை வடம் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஊரே சொம்போடு வரிசையில் மிதந்தது. காற்றில் எல்லோரும் கொடியில் காயும் துணி மாதிரி ஆடினார்கள். நாளுக்கு நாள் லேசாகி, இப்போது பிடியை விட்டால் மேலேயே போய்விடுகிற நிலைக்கு வந்திருந்தார்கள். செங்கோடன் கல் உடைத்தான்.

"மாமா, இன்னும் நாலு அடி வேகமாப் போடுங்க! எனக்கு ஒரு சொட்டு போதும்" என்றான் வரிசையில் மிதந்த ஒருவன்.

"நேத்தும் இதையேதான்டா சொன்னே."

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும் மாமா!"

மாரக்காள் குவாரி அறையிலிருந்து பழைய சம்மட்டிகளைக் கூடையில் சுமந்து வந்தாள். ஒவ்வொரு அடியும் தரையில் பதியப் பதிய அவளுக்கு மூச்சு வாங்கியது, முகம் சிரித்தது. கூடையை வரிசையின் முன்னால் தொப்பென்று இறக்கினாள்.

"இன்னிக்கு டம்ளர் நாங்க குடுக்கறோம். குடிச்சுட்டு எறங்குங்க. நாளையிலிருந்து அவங்கவங்க தண்ணிக்கு அவங்கவங்களே வேர்க்கணும். தெனமும்."

ஞானசெல்விதான் முதலில் குடித்துவிட்டுச் சம்மட்டிக்குக் கை நீட்டினாள். மற்றவர்கள் சம்மட்டியைப் பார்த்தார்கள். அதன் கனத்தைப் பார்த்தார்கள். மேலே, மீன்கள் திரியும் அந்தப் பச்சை வெளிச்சத்தையும் பார்த்தார்கள்.

வரிசையின் கடைசியில் ஒருவன் வடத்தை விட்டான். அப்புறம் அவனுக்கு முன்னால் இருந்தவன். சத்தமில்லாமல், ஒருவர் பின் ஒருவராக, பாதி ஊர் மேலே போய்க்கொண்டிருந்தது.