புள்ளி மறைந்தால் பேச்சும் மறையுமா?

"கத்தரிக்கோலைக் கீழ வைம்மா! எம் பிள்ளை அரைஞாண் கயித்தை அறுக்கவா வந்த?"

அருப்புக்கோட்டை ஸ்கேன் சென்டரே திரும்பிப் பார்த்தது. கையில் கத்தரிக்கோலோடு தேவிபிரியா திகைத்து நின்றாள். எம்.ஆர்.ஐ. எடுப்பது அவள் வேலை. அந்த அறைக்குள் உலோகம் கூடாது. படுத்திருந்தவன் இடுப்பிலோ வெள்ளித் தாயத்து கோத்த அரைஞாண். அதற்காக, உயிரோடு இருக்கும் ஆம்பளையின் இடுப்பை வெறுமையாக விடுவார்களா? அவசரத்தில் அதை மறந்தது அவள் தப்புதான்.

அவன் பெயர் ஹரிஹரசுதன். விசைத்தறி ஓட்டுபவன். நாலு நாள் காய்ச்சல்... நேற்றிலிருந்து தறி தீப்பிடித்து எரிகிறதென்று கத்துகிறானாம்.

"மன்னிச்சிருங்கம்மா... முதல்ல புதுசைக் கட்டுங்க. அப்புறம் பழசைக் கழட்டிக்கலாம்."

ரிப்போர்ட் கவர் கட்டும் நூல்கண்டிலிருந்து நாலு இழையை இழுத்து, விரலிடுக்கில் முறுக்கேற்றி நீட்டினாள். அந்த முறுக்கைப் பார்த்தாவது இவளும் நெசவுக்காரர் வீட்டுப் பெண் என்று அவன் அம்மா சௌடேஸ்வரியம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். மகன் கவலையில் புரியவில்லை.

அப்போதுதான் அவன் கண் திறந்தான். காய்ச்சலில் சிவந்த கண்கள்... அப்படியும் என்ன கண்களப்பா அவை! நேராக அவளைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் கன்னடத்தில் சொன்னான்.

"அம்மா, எனக்கு இவளையே கட்டி வை."

"சும்மா இருடா!" அம்மாவும் கன்னடத்திலேயே அதட்டினாள். இந்தப் பெண்ணுக்கு நம் வீட்டுப் பேச்சு எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம்.

அந்த ஊர் நெசவுக்காரர் பலருக்கும் வீட்டுப் பேச்சு கன்னடம்தான். தேவிபிரியாவின் வீட்டிலும் அதேதான்! முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். காது மட்டும் சொன்னபடி கேட்காமல் சிவந்தது.

மெஷின் தடதடவென்று முழங்கியது. புத்தி தெளிவில்லாதவர்கள் அதற்குள் கைகாலை உதறுவார்கள். இவனோ தறிக்கொட்டகை என்று நினைத்தானோ என்னவோ, சுகமாகத் தூங்கிவிட்டான்.

திரையில் தெரிந்தது ஒரு வெள்ளைப் புள்ளி.

"மூளையோட ரெண்டு பாதியையும் சேக்குற பாலத்துல, பின்பக்கமா இருக்கு" என்றார் டாக்டர் ராஜகுரு. "லேசான மூளைக்காய்ச்சல்தான். இந்த மாதிரிப் புள்ளி பெரும்பாலும் மறைஞ்சிரும். பத்து நாள் கழிச்சு மறுபடி எடுத்துப் பாப்போம்."

பத்து நாளும் தேவிபிரியா சாமி கும்பிட்டாள், புள்ளி மறையவேண்டும் என்று. கும்பிடும்போதே பயமும் வந்தது. புள்ளியோடு சேர்ந்து அந்தப் பேச்சும் மறைந்துவிட்டால்...?

பதினோராம் நாள், லேசான தூறலில் நனைந்தபடி அம்மாவோடு அவனே நடந்து வந்தான்.

"மேல உலோகம் ஏதாச்சும் இருக்கா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

படம் விழுந்தது. அதே இடம்... புள்ளியைக் காணோம்! துடைத்துவிட்டதுபோல் சுத்தம்! டாக்டர் சொன்னதும் சௌடேஸ்வரியம்மா வாய்விட்டு அழுதாள். தேவிபிரியாவுக்கும் கண் கலங்கியது.

"அன்னைக்கு நான் எதுவும் தப்பாப் பேசிட்டேனாங்க?" என்றான் தேவிபிரியாவிடம், தயங்கி.

"ஒண்ணும் பேசலடா!" அம்மா முந்திக்கொண்டாள்.

நானாகப் போய் ஞாபகப்படுத்துவதா? தேவிபிரியாவுக்கு ரோஷம் வந்தது. "காய்ச்சல்ல பேசுறதை நாங்க மனசுல வச்சுக்கிறதில்லீங்க."

அவன் முகம் வாடியது. வாசல்வரை போனவன் நின்று, அம்மாவிடம் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னான்.

"பொய் சொல்லாதம்மா, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அன்னைக்குச் சொன்னதைத்தான் இன்னைக்கும் சொல்றேன். ஆனா அவங்ககிட்ட எப்படிக் கேக்குறது?"

"என்கிட்டயே கேக்கலாமே!"

பதில் சுத்தமான கன்னடத்தில் வந்தது. சௌடேஸ்வரியம்மா திறந்த வாயை மூடவில்லை. அவனோ சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

"அப்ப... அன்னைக்கே புரிஞ்சுதா?"

"ம்... இப்ப புள்ளியும் இல்ல. இனிமே காய்ச்சல் மேல பழி போட முடியாது, பாத்துக்கங்க!"

"போடவே மாட்டேன். அந்தத் தாயத்து அரைஞாண் பீரோவுலதான் கெடக்கு. நீங்க முறுக்கின நூலை நான் இன்னும் அவுக்கலைங்க... உங்களை எனக்குப் புடிச்சிருக்கு."

தேவிபிரியா தலை குனிந்தாள். "எனக்கும்தான்... வெறும் நூலு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஞாயித்துக்கெழம வந்து எங்கப்பாகிட்ட கேளுங்க."

"ஞாயித்துக்கெழமயா?" சௌடேஸ்வரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "இன்னைக்குச் சாயங்காலமே வாரோம்!"