புகைக் குடிலின் கண்ணாடி

கண்ணாடிக்குள் புகை இல்லை.

புகையிலைக்குப் புகை போடும் குடிலின் ஓலைக் கூரையெங்கும் புகை கசிந்துகொண்டிருந்தது; தேங்காய்ப் பொச்சுமட்டை கனலும் நெடி மூக்கை அரித்தது. ஆனால் கதவில் பதித்த கண்ணாடி வழியே பார்த்தால் தெளிந்த இருட்டு மட்டுமே தெரிந்தது. சீவரத்தினம் மறுபடி கண்ணை வைத்தான்.

"செருமன்காரன்ரை கண்ணாடிக்கு உரும்பிராய்ப் புகை பிடிக்கேல்லையாக்கும்," என்றாள் மனைவி ஞானாம்பிகை. கதவு இடுக்குகளை அடைக்கக் கிணற்றடியில் மண் குழைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது வட ஆபிரிக்காவில் பட்டாளப் பட்டறையில் வேலை செய்தவன் அவன். மணலில் புதைந்து கிடந்த 'ரைகர்' (புலி) என்ற செருமன் யுத்தத் தாங்கியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது இந்தக் கண்ணாடி. அந்த இரும்பு மலைக்குள் இருக்கும் சாரதி ஒரு சிறு பிளவு வழியேதான் உலகத்தைப் பார்ப்பான். பிளவால் குண்டு புகாதபடி, பல கண்ணாடிகளை அடுக்கி ஒட்டிய தடித்த கட்டி அது. புகையிலையின் பதம் பார்க்க இதைவிட என்ன வேண்டும்? கதவைத் திறந்தால் காற்றுப் புகுந்து கனல் தீயாகும். அந்தப் போகம் முழுவதும் சாம்பல். கதவில் கை வைக்கக் கூடாதென்று அவளிடமும் கண்டித்துச் சொல்லியிருந்தான்.

இப்போதுதான் கவனித்தான். கட்டியின் உள்பக்கம் வெளியே வர, தானே மாற்றிப் பதித்திருக்கிறான். சாரதியின் நெற்றி பட்டு எண்ணெய் ஏறிய பக்கம், அவன் பக்கமாக இருந்தது.

நெற்றியை அழுத்திப் பார்த்தான். கண்ணாடி சுட்டது. மட்டை நெடி மெல்ல விலகி, பழைய எண்ணெயும் காய்ந்த வியர்வையும் மணத்தன. காகங்களின் கரைச்சல் தடித்த சுவருக்கு அப்பால் போய்விட்டது. உள்ளே வெளிச்சம் வந்தது. ஒரு முற்றம். ஒரு கிணறு. மண் குழைக்கும் பெண்.

ஞானாம்பிகை.

திரும்பினான். முற்றம் இல்லை. புகை. கழுத்தில் உரசும் இலைகள்.

கதவில் அடித்தான். பலகைச் சத்தம் கேட்கவில்லை. இரும்பு.

"ஞானம்! திற!"

அவள் நிமிர்ந்தாள். கிட்ட வந்தாள்.

"இஞ்சாருங்கோ, எங்கை போட்டியள்?" முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

அடித்தான். அடித்தான். அவள் கதவில் காதை வைத்தாள். கை தாழ்ப்பாளுக்குப் போனது.

நின்றது.

"மட்டை வெடிக்குது போலை. திறந்தால் மனுசன் என்னைத் திண்டுபோடும்."

மண்ணை அள்ளி இடுக்குகளை அடைக்கத் தொடங்கினாள். மேலே. பக்கங்களில். கீழே. விரலால் நீவி நீவி, ஒரு மயிரிழைகூட விடாமல்.

இருமல் வந்தது. அவனுடையதல்ல.

வெளியே பார்ப்பதற்காக, அதே பிளவில், பழைய எண்ணெய் மணக்கும் இன்னொரு கன்னம் அவன் கன்னத்தோடு ஒட்டியது.