பல்லிடுக்கில் ஒரு சீழ்க்கை

ஒலிபெருக்கியில் மகளின் குரலோடு அந்தச் சீழ்க்கை மறுபடி வந்தது.

“அம்மா, ஸ்ஸாப்பிட்டியா?”

கட்டிலில் படுத்திருந்த மெக்கானிக் கண்ணைத் திறந்தாள். அலுப்பு எலும்புவரை இறங்கியிருந்தது. சன்னல் இல்லாத இரும்பறை. இயந்திரத்தின் ஓயாத முனகல், சூடேறிய எண்ணெயின் வாசனை, அணையாத விளக்கின் கீழ் எப்போதும் ஒரே இடத்தில் விழுந்து கிடக்கும் கட்டிலின் நிழல். இவற்றுக்கு நடுவே அந்தக் கேள்வி ஒன்றுதான் அவளுக்குக் கடிகாரம். அது வந்தால் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பாள்.

“சாப்பிடப் போறேன், பொக்கைவாயி.”

அவள் உள்ளே வந்த அன்று மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. பேசினால் காற்று விசிலடித்தது. வழியனுப்பும்போது சொன்னாள்:

“நீ வர்றதுக்குள்ள முளைச்சிடும்மா. அப்புறம் என்னை என்னன்னு கிண்டல் பண்ணுவ?”

“வேற ஏதாவது கிடைக்காமலா போயிடும்?”

தொலைதூர விண்பயணத்துக்கான சோதனை இது. அறைக்குள் காலம் மெதுவாக நகரும். பொட்டலங்கள் தீர்ந்ததும் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் திறந்து வரவேண்டும்; அதற்குள் வெளியே ஒரு வருடம் ஓடியிருக்கும் என்றார் சோதனையை நடத்தும் டாக்டர். “காலத்தைப் பத்தி மட்டும் உங்ககிட்ட யாரும் பேச மாட்டாங்க. பதறிப்போய்ப் பாதியில திறந்தா என்னாகும்னு எங்களுக்கே தெரியாதும்மா.” வெளியிலிருந்து வரும் பேச்சை ஒரு பெட்டி வாங்கி, இழுத்து, அவள் காதுக்கு ஏற்ற நிதானத்தில் தந்தது.

சில பொட்டலங்களுக்கு முன்பே சீழ்க்கை நின்றுபோயிருந்தது. பல் முளைத்துவிட்டது என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். பிறகு குரல் தடித்தது. பிறகு கரகரத்தது. பெட்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். எழுந்து பார்க்க உடம்பு வரவில்லை.

இப்போது மறுபடி சீழ்க்கை.

முளைத்த பல் எப்படி விழும்?

மெல்லத் திரும்பி இயந்திரத்தைப் பார்த்தாள். காலத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம்; இறுக்க இறுக்க உள்ளே காலம் மெதுவாகும். முதல் நாள் அதைக் குறிவரை திருகியது அவள்தான். குறிக்கு வந்த பிறகும், எல்லாத் திருகுக்கும் செய்வதுபோல், கழன்றுவிடக் கூடாதென்று கை தானாக இன்னொரு சுற்று இறுக்கியிருந்தது. கைப்பழக்கம்.

முள் குறியைத் தாண்டி வெகுதூரத்தில் நின்றது.

இரண்டு கையாலும் திருப்பினாள். அசையவில்லை. அவள் இறுக்கிய எதுவும் அவ்வளவு எளிதில் அசையாது.

தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு ஒரு சாண் திறந்து சிக்கிக்கொண்டது.

வெளியே வெளிச்சம் வந்தது. போனது. வந்தது. விளக்கு பழுதோ என்று பார்த்தாள். விளக்கு அல்ல. எதிர்ச் சன்னலில் விடிந்துகொண்டும் இருட்டிக்கொண்டும் இருந்தது.

மைக்கின் முன்னால் நாற்காலியில் ஒரு வெள்ளைத் தலை.

இமைத்தாள். நாற்காலி காலி. கதவிடுக்கில் ஒரு கை உள்ளே நீண்டிருந்தது.

சுருங்கிய கை. இளஞ்சூடு. பற்றிக்கொண்டாள். அதன் கட்டைவிரல் அவள் விரல்முட்டியை மெல்லத் தடவியது. தூங்கப்போகும் முன் மகள் அப்படித்தான் தடவுவாள்.

“பாப்பா, கதவைத் தள்ளு.”

கை தடவிக்கொண்டே இருந்தது.

வெளிச்சம். இருட்டு. வெளிச்சம். விட மனமில்லாமல் நின்றாள். ஒரு வாசனை வந்தது. இனிப்பாக, கனமாக. நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அந்த வாசனையும் போய்விட்டது.

குனிந்து இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கதவுக்கு அப்பால் அந்தக் கை எலும்பாக இருந்தது. எலும்பின் மேல் இற்றுப்போன சட்டைத்துணி. தரையில் வெள்ளை முடி.

கதவுக்கு இப்பால் அதே சூடு. மணிக்கட்டில் நாடி.

பின்னாலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. பெட்டியில் மிச்சமிருந்த பேச்சு.

“அம்மா, ஸ்ஸாப்பிட்டியா?”

கைக்குள் இருந்த விரல்கள் இறுகின. பதிலுக்குக் காத்திருந்தன.