முகிலரசி மூன்றாம் முறைதான் திரும்புவாள்

காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை ஆறு வரைக்கும் எனக்கு இளவரசிகள்தான் வேலை. ஒரு நாளைக்கு நூற்று இருபது கேள்விகள், பெரும்பாலும் குழந்தைகள் கேட்பவை. மீன்செதிள் இளவரசியின் கதையை முதலில் சொன்னது யார்? ஒரு கப்பல் சமையல்காரன். அவன் சொன்னதில் கல்யாணமே கிடையாது, அவள் இளவரசனைத் தின்றுவிடுகிறாள். கிணற்று இளவரசிக்கு ஏன் ஒரு கால் குட்டை? முதலில் வரைந்தவருக்குத் தாளில் இடம் போதவில்லை. பதிலை அனுப்பிவிட்டு அடுத்ததைத் திறப்பேன்.

இப்போது கதைச்சுவர் என்கிற பேசும் திரை இல்லாத வீடு இல்லை. ஒரு சுவருக்கு ஓர் இளவரசி. எழுப்பிவிடுவாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், தூங்கும்வரை பேசிக்கொண்டிருப்பாள். எதைக் கேட்டாலும் அவளே பதில் சொல்வாள், ஒன்றைத் தவிர: நீ எங்கிருந்து வந்தாய்? முன்பு அதற்கும் இயந்திரமே பதில் சொன்னது. திங்கட்கிழமை ஒரு பொய், செவ்வாய்க்கிழமை வேறொரு பொய். அதனால்தான் மூலச் சட்டம் வந்தது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மனிதர் தேடிப் பார்த்துப் பதில் எழுத வேண்டும். என் பதவிக்குப் பெயர் மூலவிடையாளர். எங்கள் தெருவில் முதல் டிகிரி என்னுடையது. ‘இலக்கியா ஆபீஸ்ல ஒக்காந்து ராணி படம் பாக்குது’ என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அதில் தப்பொன்றும் இல்லை.

சட்டத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. கதையைச் சொன்னவர் யாரென்று தெரியாவிட்டால் ‘மக்கள் வழக்கு’ என்று போட்டு மூடலாம். செத்துப்போயிருந்தால் பெயரைப் போடலாம். உயிரோடு இருந்தால், கதை யாருக்குச் சொந்தம் என்ற விசாரணை முடியும்வரை அந்த இளவரசி அன்றைக்கே எல்லாச் சுவர்களிலும் பேச்சற்று நின்றுவிடுவாள். விசாரணை முடிய எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒரு விசாரணையும் இதுவரை தொடங்கியதில்லை. நான் வேலைக்கு வந்த நான்கு வருடத்தில் எங்கள் பிரிவு உயிரோடு ஒருவரையும் கண்டுபிடிக்கவில்லை. “தேடுனாத்தான கெடைப்பாங்க” என்பார் பிரிவுத் தலைவர் ஷர்மிளா மேடம், சிரிக்காமல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அறுபத்தோராவது கேள்வியை ஒன்பது வயதுச் சிறுமி அனுப்பியிருந்தாள். “முகிலரசிக்கு ஏன் முடி வெள்ளை? மூணாவது தடவை கூப்பிட்டாத்தான் ஏன் திரும்புறா? நிலா முத்தம் குடுத்துச்சுன்னு சொல்றா. அது பொய். அவ யாரு?”

முகிலரசியை எனக்குப் பெயரளவில்தான் தெரியும். பகலெல்லாம் இளவரசிகளோடு மாரடிக்கிறவள் தன் அறையில் ஒரு சுவர் வைத்துக்கொள்ள மாட்டாள். மூலக்கோப்பைத் திறந்தேன். படம் இல்லை, ஓர் ஒலிப்பதிவு மட்டும். வேடசந்தூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் சொன்னதைப் பதிந்துவைத்த கதைப்பெட்டி, மூன்றாம் வகுப்பு.

“ஒரு ஊர்ல ஒரு இளவரசி. அவளப் பூட்டுன அரமனைல மூணு வருசம் வெச்சிருந்தாங்க. அங்க மேகத்த நூலாத் திரிப்பாங்க. அந்த மேகம் ஒட்டி ஒட்டி அவ முடி வெள்ளையாயிருச்சு…”

அது என் குரல்.

அன்றைக்கு டீச்சர் கதை கேட்கவில்லை. “உங்க அம்மாவப் பத்திச் சொல்லுங்க” என்றுதான் சொன்னார். எனக்கு முன்னால் ஒருத்தியின் அம்மா நர்ஸ், இன்னொருத்தியின் அம்மா கிராம அலுவலர். என் அம்மா பதினாறு வயதில் நூல் மில் விடுதியில் மூன்று வருடம் அடைபட்டுக் கிடந்தவள். தலை நிறையப் பஞ்சு. நூல் நூற்கும் ராட்டுச் சத்தத்தில் காது போய்விட்டது. எனக்குச் சோறு ஊட்டும்போது அதைத்தான் சொல்வாள். மைக்கைக் கையில் கொடுத்ததும் வெட்கமாகிவிட்டது. மில்லை அரண்மனையாக்கினேன், பஞ்சை மேகமாக்கினேன். கைதட்டினார்கள்.

“மக்கள் வழக்குன்னு போட்டு மூடு” என்றார் ஷர்மிளா மேடம், என் தோளுக்குப் பின்னாலிருந்து.

“உயிரோட இருக்காங்க மேடம்.”

“யாரு?”

“எங்கம்மா.”

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நாப்பது லட்சம் செவுரு, இலக்கியா. நாளைக்குக் காலைல நாப்பது லட்சம் பேரு அழுவாங்க.”

“எங்கம்மா அந்த ஹாஸ்டல்ல அழுதப்ப யாரும் எண்ணல.”

“சரி. இது அவங்களுக்காகவா, இல்ல உனக்காகவா?”

போனை எடுத்தேன்.

“அம்மா.” பதில் இல்லை. “அம்மா.” மூன்றாவது முறை கத்தினேன்.

“ஆங், பாப்பாவா? சாப்டியா?”

“உன் மில்லுக் கதைய வேற யாருகிட்டயாவது சொல்லிருக்கியாம்மா?”

“கதையா? நடந்ததுடி அது. நீ சோறு திங்கணும்னு சொன்னேன். வேற எவ கேக்கப் போறா?” கொஞ்சம் நிறுத்தினாள். “இந்தா, இவகிட்டச் சொல்லிருக்கேன். நீ மாட்டிக் குடுத்த செவுத்துல நிக்கிறாளே, வெள்ளமுடிக்காரி.”

சுவர் வாங்கி அனுப்பியது நான்தான். அதில் எந்த இளவரசி வந்தாள் என்று இரண்டு வருடமாகக் கேட்கத் தோன்றவில்லை.

“பாவம், அவளுக்கும் காது மந்தம் பாப்பா. மூணு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புறா. ஹாஸ்டல்ல எம் பக்கத்துப் பாயில படுத்திருந்தாளே தனம், அவ சாடையே. தனம்னுதான் கூப்பிடுறேன்.”

“அவ நின்னுட்டா என்னம்மா பண்ணுவ?”

“ஏன் நிக்கப் போறா? நீ பொங்கலுக்கு வந்து ரெண்டு நாள்ல பையத் தூக்கிட்டுப் போயிருவ. அவளுக்குப் போக எடமில்ல, எங்கூடத்தான் கெடப்பா.” சிரித்தாள்.

வைத்துவிட்டேன். மூடியிருக்கலாம். மக்கள் வழக்கு என்றால் யாருமில்லை என்று அர்த்தம். அந்த விடுதியில் இருந்த அத்தனை பெண்களுக்கும் ஏற்கெனவே அந்தப் பெயர்தான். மில்லை இடித்து மனை போட்டாயிற்று. அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு ஒரு தாள்கூட இல்லை. நாற்பது லட்சம் பேர் கொஞ்சுகிற அந்த வெள்ளை முடி மட்டும்தான் மிச்சம்.

எழுதினேன். ‘முதலில் வாழ்ந்தவர்: முருகேஸ்வரி, வயது ஐம்பத்திரண்டு, உயிரோடு இருக்கிறார். முடியில் இருப்பது பஞ்சு. மூன்று முறை கூப்பிட வேண்டியிருப்பது நூற்பு இயந்திரச் சத்தத்தால். இளவரசி என்று பொய் சொன்னது: அவர் மகள்.’ ஷர்மிளா மேடம் படித்தார். தடுக்கவில்லை. அனுப்பும் பொத்தானை நானே அழுத்தினேன்.

ஆறு மணிக்குப் பையை எடுத்தபோது போன் அடித்தது.

“பாப்பா, கரண்டு இருக்கு. செவுத்துல வெளிச்சமும் இருக்கு. இவ முதுகக் காட்டிட்டு நிக்கிறா. மூணு தடவ கூப்பிட்டேன், திரும்பல. கீழ ஒரு பேரு எழுதிருக்கு. என் பேரு மாதிரி இருக்கு. எம் பேர எதுக்குடி இதுல போட்டிருக்கான்?”

“அம்மா” என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. “தனம்” என்று அந்தப் பக்கம் கூப்பிட்டாள்.

“அம்மா.”

“ஏய் தனம், இங்க பாரு.”

நான் மூன்றாவது முறை கத்தியபோது அவள் போனைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். கூடத்திலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆறாவது முறையாகச் சுவரைக் கூப்பிட்டாள்.