நான்கால் வகுத்தால்

தூத்துக்குடியில் திங்கட்கிழமை காலையில் காப்பிக்கு முன்பே, மாவட்டக் கால்பந்து லீக்குகளை வரிசைப்படுத்தும் கெழுப்பலகையைப் பார்த்துவிடுவோம். பரம எதிரி கிளப் ஜெயித்திருந்தாலும் கைதட்டுவோம். நம் மாவட்டத்தின் எந்த அணி வென்றாலும் புள்ளி நம் கணக்கில்தானே சேர்கிறது!

மற்ற எல்லாப் புள்ளிவிவரத்திலும் மாவட்டங்கள் பொய் சொல்லிப் பிடிபட்ட பிறகு, கால்பந்தில் பொய் சொல்ல முடியாது என்று அரசு கண்டுபிடித்தது. மாநிலக் கோப்பையில் மாவட்டத்தின் அணிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, அணிகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஐந்தாண்டுகளைச் சேர்த்தால் லீக்கின் கெழு. மாநிலத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அந்த மாவட்டத்திலிருந்து விழித்திரை மறுவளர்ப்புச் சிகிச்சைக்கு மூன்று பேர் போகலாம். நான்காம் இடம் என்றால் இரண்டே பேர். எந்த மகாராசனின் மூளையில் உதித்ததோ!

எங்கள் மாவட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் என் கணவர் மரியதாசன் மூன்றாவது. இந்த ஆண்டு விட்டால் பிறகு பலனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிச்சம் மட்டும்தான் அவருக்குத் தெரிகிறது.

சென்ற ஆண்டு நன்றாக ஆடியதற்குப் பரிசாக மாநிலக் கோப்பையில் எங்களுக்கு நான்காவது அணிக்கும் இடம் கிடைத்தது. லீக் செயலாளர் நான்தான். என் கணவர் பயிற்சி கொடுக்கும் உப்பளப் பெண்கள் அணியின் பெயரை ஆசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பெரிய அணி கோப்பையே வென்றது. உப்பள அணி எல்லா ஆட்டத்திலும் தோற்றது. மொத்தம் முப்பத்தாறு புள்ளி. மூன்றால் வகுத்திருந்தால் பன்னிரண்டு. நான்கால் வகுத்து ஒன்பது. ஒரே ஒரு புள்ளியில் திருநெல்வேலி எங்களை நான்காம் இடத்துக்குத் தள்ளிவிட்டது. தெருவில் கோப்பைக்கு வெடி போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலையில் உப்பள அணித் தலைவி பேச்சியம்மாள் வந்து வாசலிலேயே நின்றாள்.

"கோச் அண்ணாச்சி, அடுத்த வருசம் நாங்க வெலகிக்கிடுதோம்."

"வெலகினா எனக்குக் கண்ணு வந்துருமா? கடைசி ஆட்டத்துல பாதி நேரம் வரைக்கும் கோல் விடாம நின்னீங்கள்லா! போயி பயிற்சியப் பாருங்க."

அவள் அழுதுகொண்டே போனாள். அடுத்த ஆண்டுக்கான சிகிச்சைப் பட்டியல் என் மடியில் இருந்தது. மூன்றாவது பெயர், ஏழு வயதுப் பெண் குழந்தை. அணிப் படிவத்தை எடுத்தேன்; பேனாச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

"ஜெசிந்தா, என்ன எழுதுத?"

"நம்ம அணியத்தான் பதியுதேன்."

"பேர நல்லா தெளிவா எழுது, என்ன?"

"சரிங்க" என்றேன். உப்பள அணியின் பெயரைத் தெளிவாக எழுதி, விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.