நாலாம் ஆள்

அஜந்தாவுக்குப் பக்கத்து இருக்கையின் பெல்ட் போடப்பட்டிருந்தது. அதில் ஆள் இல்லை. காலையில் மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்டில், படுக்கையும் சமையல் இடமும் உள்ள வாடகை மோட்டார்ஹோம் வண்டியில் ஏறியபோது அது சுவரோரம் தொங்கியதைக் கண்டிருந்தாள். வண்டி குலுங்கியதில் கொழுவுப்பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய எரிச்சல் முன்னால் இருந்தது. கணவன் ஆரூரன் வண்டியோட்ட, பக்கத்தில் அவனுடைய மச்சாள் அனோஜினி. பின்னால் இருந்தால் தலை சுற்றுமாம். ரொறொன்ரோவிலிருந்து வந்து மூன்று நாளாகிறது, வாய்க்கு வாய் அத்தான்தான். அவனுக்கும் காதுவரை சிரிப்பு. ஒருகாலத்தில் இருவருக்கும் கலியாணம் பேசிக் குழம்பியது சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரிந்த கதை. வேலைக்குப் போகும்போது போடாத தாலிக்கொடியை இன்று அவளுக்குக் காட்டவென்றே அஜந்தா போட்டு வந்திருந்தாள். யார் பார்த்தார்கள்!

மூன்று பேராய்ப் பயணம் போகக் கூடாது, நாலாவது ஆளாக ஒரு கல்லைக் கொண்டுபோங்கள் என்று ஆரூரனின் தாயான மாமி தொலைபேசியில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். மலையுச்சியில் இருந்த பழைய துறவிமடத்துக்குப் போன பிறகுதான் அஜந்தாவுக்கு அது நினைவு வந்தது. கீழே ஏரியும் சிவந்த மேபிள் காடும் தெரிய, அவர்கள் இருவரும் மணிக்கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்தார்கள். அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. வயிறு எரிய எரிய மடத்தின் பின்பக்கம் நடந்தவள், துறவிகளின் கல்லறைகளுக்கு நடுவே, சிலுவை இன்னும் நடாத புது மண்மேட்டில் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தாள். ஒரு பெண்ணையும் தொடாமலே செத்துப்போன மனிதர்கள்.

"நீ அவளுக்குச் சோடியாய் இரு. என்ரை மனுசனை விட்டுத் துலையட்டும்" என்று கல்லுக்குச் சொன்னாள். வண்டிக்கு வந்ததும் அதை அனோஜினியின் கைப்பைக்குள் போட்டுவிட்டாள்.

இப்போது மழை. மொன்ட்ரியாலுக்குத் திரும்பும் பாதையின் இருபுறமும் சோளம் வெட்டிய வெறும் வயல்கள், பின்னேரம் ஐந்து மணிக்கே கறுத்துவிட்ட வானம், சமையல் தட்டில் ஒன்றோடொன்று உரசும் கோப்பைகள், எல்லாவற்றுக்கும் மேலாக அணைந்த மெழுகுதிரியின் புகையும் நனைந்த மண்ணும் கலந்த ஒரு மணம், அதுவும் அவளுடைய வலதுபக்கத்திலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தது.

பக்கத்து யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது, மூச்சு விடுவதைப் போல. இருக்கையின் மெத்தை ஓர் ஆளின் பாரத்துக்கு அமிழ்ந்து கிடந்தது.

உன்னை அவளுக்கல்லவா பிடித்துவந்தேன், அவளிடம் போ என்று அஜந்தா மனதுக்குள் கெஞ்சினாள். அந்த நேரம் பார்த்து அனோஜினி திரும்பினாள்.

"அக்கா, மாமி சொன்ன கல்லை மாறி என்ரை பையுக்கை போட்டிட்டியள் போல. அப்பவே எடுத்து, நீங்கள் கழட்டி வைச்ச கோட்டுப் பொக்கற்றுக்கை வைச்சிட்டன். வீட்டுக்காரி நீங்கள்தானே வைச்சிருக்க வேணும்."

பாசமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முன்னால் திரும்பினாள்.

அஜந்தா பொக்கற்றுக்குள் கைவிட்டாள். கல் இல்லை. ஈரமண் மட்டும் விரல்களில் ஒட்டியது.

டிக்.

பக்கத்து பெல்ட் கழன்றது.

கத்த நினைத்தாள். என்னவென்று கத்துவது? வண்டியின் உட்கண்ணாடியை வெறித்தாள். ஒரு தரம் பாரும் ஆரூரன். ஒரே ஒரு தரம்.

ஆரூரன் அனோஜினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிடரியில் குளிர். தலைமயிர் ஒதுங்கியது. தாலிக்கொடி மெல்ல உயர்ந்தது. நாடியைத் தொட்டது. மூக்கைத் தொட்டது. பழக்கமில்லாத கைகள், அவசரமில்லாமல், அதைத் தலைக்கு மேலே கழற்றி எடுத்தன.