சோதனைக்குப் போட்ட பெயர்

ஏசி அறைக்குள் நீலகிரித் தைலம் மணந்தது. செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய கம்ப்யூட்டர் அறையில் தைலத்துக்கு என்ன வேலை என்று ஞானராஜ் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். தருமபுரியில் காலையிலிருந்து விடாத மழை. ஜன்னலோரம் சொட்டும் தண்ணீர், கம்ப்யூட்டரின் முனகல், அவற்றுக்கு அடியில் இன்னொரு சத்தம், நெஞ்சில் சளி கட்டிய குழந்தை மூச்சு இழுப்பது போல.

ரேஷன் அட்டைகளை டேட்டாபேஸில் ஏற்றும் வேலை. அதிலுள்ள கட்டளைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று தானாகவே சோதிக்க அவன் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். அது ஒரு பெயரைச் சேர்க்கும், அரிசி அளவைக் கணக்கிடும், விடையைச் சரிபார்க்கும், கடைசியில் பெயரை அழிக்கும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. யார் பெயரைப் போடுவது என்று கேட்டபோது மேலாளர் அப்துல் சுபான்தான் சொன்னார்.

"உசுரோட இருக்கறவங்க பேரப் போட்டு அழிக்க வேணாங்க. மனசுக்கு ஒப்பல."

அதனால் ஜெசிந்தா என்று அடித்தான். போன மார்கழியில் சளிக்காய்ச்சல் கொண்டுபோன மகள். பெற்றவன் வேறு எந்தப் பெயரைத் தேடுவான்? வீட்டில் மனைவி இன்னாசியம்மாள் அந்தப் பெயரை எடுப்பதே இல்லை. இங்கே தினமும் அது திரையில் வந்து போனது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

புரோகிராமை ஓடவிட்டான். ஜெசிந்தா வந்தாள். மூச்சுச் சத்தம் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தது. அரிசிக் கணக்கு சரி. இழுப்பு கூடியது. பெயர் அழிந்தது. சத்தம் நின்றது.

அது நிற்கும் விதம் அவனுக்குத் தெரியும். மடியில் வைத்துக் கேட்டவன்.

மறுபடி பெயர். மறுபடி இழுப்பு. தொங்கிய இடது கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. கொதித்தது.

"ப்பா... மறுக்கா வேணாம்ப்பா."

இத்தனை வாரமும். ஒவ்வொரு தடவையும். அவனேதான். அவளைத் திரும்பத் திரும்பச் சாகவைத்தவன். சுவிட்சை நோக்கி வலது கையை நீட்டினான். அதற்குள் பெயர் அழிந்தது. சின்னக் கை ஜில்லிட்டது. விறைத்தது. பிறகு இல்லை.

வெறும் கை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பெயர் வந்தது. சூடு வந்தது.

கதவைத் திறந்து சுபான் எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியா வருதில்லீங்க? வூட்டுக்குக் கெளம்பலாம். நிறுத்திறலாங்களா?"

ஞானராஜ் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தான். கன்னமெல்லாம் ஈரம்.

"ஓடட்டுங்க."

உள்ளங்கைக்குள் சின்ன விரல்கள் உருவிக்கொள்ளப் பார்த்தன. அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.